பத்துக் காசு பத்து முறை

மறைபரப்பு ஞாயிறு காணிக்கைக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற நாங்கள் ஒரு நிரல் எழுதத் தொடங்கினோம். முன்னோட்டமாக 0.1 ரூபாயைப் பத்து முறை கூட்டி, ‘விடை 1 தானா?’ என்று பைத்தான் மொழியில் கேட்டோம். ‘இல்லை’ என்றது. அச்சிட்டுப் பார்த்தால் 0.9999999999999999! தவறாகத் தட்டிவிட்டோமோ என்று மூன்று முறை சரிபார்த்தோம். தட்டச்சில் பிழையே இல்லை.

கணிப்பொறி எண்களை இரு வகையாக வைத்துக்கொள்கிறது. ஒன்று முழு எண். மற்றொன்று மிதவைப் புள்ளி எண். இதில் இலக்கங்கள் ஒருபுறமும், புள்ளி எங்கே நிற்கிறது என்னும் குறிப்பு மறுபுறமும் இருக்கும். முழு எண்களை அப்படியே கூட்டிவிடலாம். மிதவைப் புள்ளியிலோ, 6.5 ஆயிரத்துடன் 2.5 பத்தைக் கூட்ட, முதலில் 2.5 பத்தை 0.025 ஆயிரமாக மாற்றிக்கொண்டு, பிறகே 6.525 ஆயிரம் என்று காண வேண்டும். இடம் கொள்ளாத இலக்கங்களை வெட்டவும் வேண்டும்.

மேசைக் கணிப்பொறியின் செயலியில் இதற்கென்றே தனி உறுப்பு உண்டு. ஆதலால் அங்கே கூட்டலில் வேக வேறுபாடு பெரிதன்று. சிறு சில்லுகளின் கதை வேறு. நம் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த ‘சக்தி’ செயலிகளுள், சிறு கருவிகளுக்கான ‘ஈ’ வகையில் அவ்வுறுப்பு இல்லை. பெரிய ‘சி’ வகையில் உண்டு. இல்லாத இடத்தில் ஒரே ஒரு மிதவைக் கூட்டலையும் பல முழு எண் கட்டளைகளாகப் பிரித்தே செய்தாக வேண்டும்.

சரி, 0.1 ஏன் பிசகியது? கணிப்பொறி அறிந்தவை 0, 1 மட்டுமே. அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை அதற்குத் துல்லியமாக அமையும். பத்தில் ஒன்றோ, மூன்றில் ஒன்று நமக்கு 0.333 என முடியாமல் நீள்வதுபோல, அதற்கு 0011, 0011 என நீண்டுகொண்டே போகும். வேடிக்கை என்னவெனில், ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கு கணிப்பொறிக்கு நன்றாகப் பொருந்தியிருக்கும்! 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு ஆனது. 1 முதல் 99 காசு வரை ரூபாயின் பின்னமாக எழுதினால் 25, 50, 75 ஆகிய மூன்றே பிசகாமல் நிற்கும். வியாசர்பாடியில் எங்கள் பாட்டிமார் வாயில் இன்றும் வரும் நாலணா, எட்டணா, பன்னிரண்டணாவே அவை.

இத்தகைய பிசகு உயிர்களையும் பறித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கரின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புப் பொறி 100 மணி நேரமாக ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நொடியின் பத்திலொரு பங்கை முழு எண்ணாகச் சரியாகவே எண்ணியது. அதை நொடியாக்க 0.1 ஆல் பெருக்கிய இடத்தில்தான், 24 இரும இலக்கங்களோடு வெட்டப்பட்ட 0.1 காலை வாரியது. பிழை வளர்ந்து சுமார் 0.34 நொடியாயிற்று. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைப் பொறி வேறிடத்தில் தேடியது. 28 படைவீரர் மாண்டனர்.

எங்கள் நிரலில் ரூபாயை எடுத்துவிட்டு எல்லாத் தொகையையும் காசாகவே, முழு எண்ணில் வைத்தோம். பத்தைப் பத்து முறை கூட்டினோம், 100 வந்தது. சிஸ்டரிடம் கொடுக்கும் தாளில் அச்சிடும்போது மட்டும் புள்ளி வைத்தோம்.