கியர்பாக்ஸைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: என்னிடம் 1978-ஆம் ஆண்டு ஷெவர்லே கே10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக், எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் என்.பி. 203 டிரான்ஸ்ஃபர் கேஸ். டயர் 33 அங்குலம். வண்டி சூடானால் மூன்றாவது கியர் விழும்போது நழுவுகிறது. வாரம் ஒருமுறை ஹைவேயில் மலைக்குப் போய், காட்டுப் பாதையில் ஏறி இறங்கி வருவேன். எப்போதாவது சின்ன டிரெய்லர் இழுப்பேன். ஒரு மெக்கானிக் டர்போ 400 போடச் சொல்கிறார். இன்னொருவர் ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 என்கிறார். நண்பர் ஒருவர், "அது பலவீனம், போடுவதானால் 4எல்80இ போடு" என்கிறார். நான் எதைப் போடுவது?

— வாசகர், கொலராடோ, அமெரிக்கா

பதில்: உங்களுக்கு யோசனை சொன்ன மூவரும் எஞ்சினில் தொடங்கிப் பின்னால் போகிறார்கள். எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது, அதை எந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் என்பதே அவர்கள் கணக்கு. நான்கு சக்கர வண்டிக்கு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் டயர், அடுத்து ஆக்ஸில் விகிதம், அதற்கடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் கடைசி. ஓரளவு நல்ல நிலையில் உள்ள 350 எஞ்சினின் முறுக்குவிசையை நீங்கள் சொன்ன எல்லாக் கியர்பாக்ஸும் தாங்கும். அதனால் எது பலசாலி என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அந்த எஞ்சின் ஹைவேயில் எத்தனை சுற்றில் ஓட வேண்டும், பாறை மேல் எவ்வளவு மெதுவாக ஊர வேண்டும் என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஆக்ஸில் விகிதம். முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம் என்பதால் பழைய லேபிளை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வையுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றது இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். ஷாஃப்ட் மூன்றே முக்கால் சுற்றை ஒட்டி வந்தால் 3.73. மூன்றைத் தாண்டிக் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் 3.08.

இந்த ஓர் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. மணிக்கு மைலில் வேகம், ஆக்ஸில் விகிதம், கியர் விகிதம் மூன்றையும் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால் எஞ்சின் சுற்று கிடைக்கும். 65 மைல் வேகத்தில் 33 அங்குல டயரும் 3.73 ஆக்ஸிலும் இருந்தால், விகிதம் 1 ஆக இருக்கும் நேர் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 2,470 சுற்று ஓடும். 33 என்று எழுதிய டயர் வண்டியின் பாரத்தில் அமுங்கி 32 சொச்சமாகிவிடும், டார்க் கன்வெர்ட்டரும் கொஞ்சம் வழுக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். 700ஆர்4-இன் நான்காவது கியர் விகிதம் 0.70, அதில் அதே வேகத்துக்குச் சுமார் 1,730 சுற்று போதும். சமதளத்தில் ஒரு வி8 நிம்மதியாக ஓடும் இடம் அது. இப்போது ஆக்ஸில் 3.08 என்று வைத்துப் பாருங்கள். நேர் கியரிலேயே 2,040 சுற்றுதான். ஓவர்டிரைவில் 1,430-க்கு இறங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் கார்புரேட்டர் எஞ்சின் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கிறது. கொலராடோ உயரத்தில் 1,430 சுற்றில் பெட்டி போன்ற இந்த வண்டியைத் தள்ளச் சொன்னால் எஞ்சின் திணறும், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். எண்ணிப் பார்த்து 3.08 என்று வந்தால் ஓவர்டிரைவை மறந்துவிட்டு டர்போ 350-யையே ஓவர்ஹால் செய்யுங்கள். மிச்சப் பணத்தை முன்னும் பின்னும் கிரவுன்-பினியன் மாற்றச் செலவிடுங்கள். இரண்டு ஆக்ஸிலையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

3.73 என்று வந்தால் என் பரிந்துரை 700ஆர்4. ஹைவே இரைச்சல் குறைவது அதில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி முதல் கியரில் இருக்கிறது. டர்போ 350-இன் முதல் கியர் 2.52, டர்போ 400-க்கு 2.48, 700ஆர்4-க்கு 3.06. உங்கள் பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டே ஆக்ஸிலை 4.53-ஆக மாற்றினால் முதல் கியரில் என்ன இழுவை கிடைக்குமோ, அது 700ஆர்4-உடன் 3.73 ஆக்ஸிலிலேயே கிடைத்துவிடும். டாப் கியரிலோ 2.61 ஆக்ஸில் போட்டது போல ஓடும். காட்டுப் பாதைக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. என்.பி. 203-இன் லோ ரேஞ்ச் 2. டர்போ 350-இன் முதல் கியரையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பெருக்கினால் மொத்த விகிதம் 18.8. 700ஆர்4-உடன் தொழிற்சாலையிலேயே ஜோடியாக வந்த என்.பி. 208 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.61, அந்த ஜோடியில் மொத்தம் 29.8. அதே எஞ்சின் சுற்றில் வண்டி மூன்றில் இரண்டு பங்கு வேகத்துக்கும் குறைவாக ஊரும். பிரேக்கில் கால் வைக்காமல் சரிவில் இறங்க முடிவதும் பாறையைத் தாவி மோதாமல் ஏற முடிவதும் இதனால்தான். டர்போ 400 போட்டால் 18.8 என்ற அந்த எண் ஏறாது, சற்றுக் குறையவே செய்யும். கனமும் கூடும்.

700ஆர்4 பலவீனமானது என்ற குற்றச்சாட்டு காரணமில்லாமல் வந்ததல்ல. 1982-இல் அது வெளிவந்தபோது உள்தண்டில் 27 பற்கள்; அந்தக் காலத்துப் பெட்டிகள் நிறையவே செத்தன. பின்னர் 30 பல் தண்டு வந்தது. 1987-இல் உள்ளே மேலும் பல திருத்தங்கள் செய்தார்கள். ஆகவே 1987 அல்லது அதற்குப் பிந்தையதைத் தேடுங்கள். ஆனால் வீட்டில் பொருத்தியவர்களின் பெட்டிகள் எரிந்ததற்கு இந்தத் தண்டைவிடப் பெரிய காரணம் ஒரு கேபிள். டர்போ 350-இல் எஞ்சின் பாரத்தை உணர்வது வேக்குவம் மாடுலேட்டர். ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் கேபிள் கியரைக் கீழே இறக்க மட்டும்தான். பழக்கதோஷத்தில் 700ஆர்4-இன் கேபிளையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அந்த த்ராட்டில் வால்வ் (டி.வி.) கேபிள்தான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. அது தளர்ந்திருந்தால் கியர் வழவழவென்று விழும், ஓட்டுகிறவருக்குச் சுகமாகக்கூடத் தெரியும். உள்ளே அழுத்தம் போதாமல் மூன்று-நான்கு கிளட்ச் தேய்ந்து கருகிக்கொண்டிருக்கும். அந்தக் கேபிள் இல்லாமல் வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். கேபிளின் கார்புரேட்டர் முனையில் உள்ள சிறு பூட்டை அமுக்கி, சறுக்கியைப் பின்னுக்குத் தள்ளி, பூட்டை விட்டுவிட்டுத் த்ராட்டிலை முழுக்கத் திறவுங்கள். பற்கள் 'டக் டக்' என்று தாவி, தன் இடத்தில் தானே நிற்கும். உங்கள் 1978 கார்புரேட்டரின் நெம்புகோலில் கேபிள் மாட்டும் குமிழ் சரியான தூரத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தூரம் தப்பினால் ஐட்லிலும் முழுத் த்ராட்டிலிலும் சரியாக இருந்து நடுவில் அழுத்தம் தவறும். அதைத் திருத்தும் பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது; விலை அற்பம்.

வெப்பம் அடுத்த எதிரி. 700ஆர்4-இன் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பூட்டுக் கிளட்ச் உண்டு. அது பிடித்தால் வழுக்கல் போய்விடும், எண்ணெய் குளிர்ந்து ஓடும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் அதற்கு யாரும் மின்சாரம் தருவதில்லை. பலர் ஒயரை அப்படியே தொங்கவிட்டு ஓட்டுகிறார்கள். ஓவர்டிரைவில் பூட்டில்லாமல் மலையேறினால் எண்ணெய் வேகும். நான்காவது கியரின் அழுத்த ஸ்விட்ச், பிரேக்கை மிதித்தால் தொடர்பை அறுக்கும் ஸ்விட்ச் இரண்டையும் சேர்த்து 12 வோல்ட் கொடுத்தால் வேலை முடிந்தது. ரேடியேட்டரில் உள்ள கூலரோடு வெளியே இன்னொரு கூலரும் வையுங்கள். டிரெய்லர் மாட்டிய நாளில் செலக்டரை மூன்றாவதில் வைத்தே ஓட்டுங்கள். அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை, இப்போதும் அதைத்தானே செய்கிறீர்கள்?

உங்கள் நண்பர் சொல்லும் 4எல்80இ உண்மையிலேயே பலசாலிதான். 1991-இல் வந்தது, டர்போ 400-இன் வம்சம், நான்காவது 0.75. நாள் தவறாமல் கனமான டிரெய்லர் இழுப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் முதல் கியர் 2.48. பாறை மேல் ஊர்வதற்கு அது உங்களுக்கு எதையும் கூட்டித் தராது. அதோடு கண்ட்ரோலர், த்ராட்டில் சென்சார், வேக சென்சார்கள், ஒயரிங் எல்லாம் வேண்டும். கேபிள் தொல்லை வேண்டாம் என்றால் 700ஆர்4-இன் மின்னணு வாரிசான 4எல்60இ இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே விகிதங்கள், கேபிள் கிடையாது, கியர் எப்போது மாற வேண்டும் என்பதை லேப்டாப்பில் மாற்றலாம். எஞ்சினையும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கே போங்கள். கார்புரேட்டரோடு நிற்பதாக இருந்தால், ஒரு கேபிளுக்குப் பயந்து ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கு அழைத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டுக்குள் நின்றுபோனால் கேபிளைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம்.

பெட்டியைத் தனியாக வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸோடு ஜோடியாக வாங்குங்கள். என்.பி. 203 நின்ற பிறகுதான் 700ஆர்4 பிறந்தது. இரண்டும் தொழிற்சாலையில் ஒருநாளும் சேர்ந்ததில்லை. சேர்க்க அடாப்டர் வாங்கும் பணத்தில் பழைய இரும்பு விற்கும் யார்டில் முழு ஜோடியே அகப்படலாம். உங்கள் வண்டியின் முன் டிஃபரென்ஷியல் வலப்பக்கம், அதாவது அங்கே பயணி உட்காரும் பக்கம் இருக்கிறது. 1987 வரையிலான அரை டன் பிக்கப்பிலும் 1991 வரையிலான பெரிய பிளேசர், சபர்பனிலும் அப்படித்தான். 1988-இல் வந்த புது வடிவப் பிக்கப்பில் அது ஓட்டுநர் பக்கம் போய்விட்டது. அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் உங்களுக்கு ஆகாது. கமாரோ, கொர்வெட் கார்களிலிருந்து மலிவாக வரும் 700ஆர்4-இல் வெளித்தண்டே வேறு; அதை மாற்றப் பெட்டியை முழுவதும் பிரிக்க வேண்டும். எஸ்-10 வண்டியின் 2.8 லிட்டர் வி6-இலிருந்து வருவதன் முகப்பு உங்கள் எஞ்சினில் உட்காராது. ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவதா, மின் சென்சாரில் ஓடுவதா என்றும் பார்த்து வாங்குங்கள், உங்களுடையது கேபிள். என்.பி. 208 தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரத்தை இழுக்கும் வகை; உங்கள் முன் சக்கரங்களிலோ எந்நேரமும் பிடித்திருக்கும் ஹப் இருக்கும். பூட்டித் திறக்கும் ஹப் போடாவிட்டால் முன் ஷாஃப்ட் வீணாகச் சுற்றிக்கொண்டே தேயும். இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டும் நீளம் மாறும். எல்லாம் பொருத்தி வண்டி தன் பாரத்தில் தரையில் நின்ற பிறகே அளவெடுங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும், போட்ட காசு திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவ்வளவு அகலமான முகத்தோடு காற்றைத் தள்ளும் வண்டியில், வாரத்துக்கு ஒரு பயணத்தில், அது திரும்பப் பல வருடம் ஆகும்.

பொருத்தும்போது ஓர் இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. கன்வெர்ட்டரைப் பெட்டியில் செருகும்போது சுற்றிச் சுற்றித் தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படி எண்ணெய் பம்பின் பற்களில் உட்காருவது. அது உட்காராமலே போல்ட்டை முறுக்கிப் பெட்டியை எஞ்சினோடு இழுத்தால் பம்ப் அங்கேயே உடையும். பெட்டியின் முகப்பு கையால் தள்ளியே எஞ்சினோடு சேர வேண்டும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, கன்வெர்ட்டர் கையால் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அதை முன்னுக்கு இழுத்து முடுக்குங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட் உங்கள் எஞ்சினுடையதே இருக்கட்டும். 1986 முதல் வந்த 350 எஞ்சினின் பிளேட் உங்கள் கிராங்கில் பொருந்தாது. கூலர் குழாய்களையும் அலசிவிடுங்கள். செத்த பெட்டியின் கிளட்ச் தூள் அவற்றில்தான் தங்கியிருக்கும், புதுப் பெட்டியில் எண்ணெய் ஓடத் தொடங்கியதும் நேராக அதற்குள் போய்ச் சேரும்.