பங்குனி ஆமையும் பட்டயப் படிப்பும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன் என்று சொன்னதும், "மெக்கானிக்கல் பையன் ஆமையைப் பத்தி எழுதப் போறானாம்டா!" என்று ஹாஸ்டல் அறையே சிரித்தது. சிரிக்கட்டும். வெல்டிங், தெர்மிஸ்டர், விளக்கின் அலைநீளம் மூன்றும் வருகிற பாடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பள்ளியில் படித்தது நாகை மாவட்டக் கடலோரத்தில். 2001-ல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையின் கீழ் எங்கள் பள்ளியிலும் ஒரு சுற்றுச்சூழல் மன்றம் உண்டு. மரக்கன்று நடுவோம், அட்டையில் வாசகம் எழுதி ஊர்வலம் போவோம். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் அறிவியல் சார் தை மாதம் பிறந்ததும் எங்களை வனத்துறையின் ஆமைக்குஞ்சு பொரிப்பகத்துக்கு உதவிக்கு அழைத்துப் போவார். சென்னைக் கரையில் இந்த வேலையை 1988 முதல் மாணவர்களே ஒரு அமைப்பாகச் சேர்ந்து செய்து வருகிறார்கள். நாமாகப் போய் முட்டையை எடுத்துவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. அனுமதியில்லாமல் தொட்டால் கேஸ்தான்.

நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. நாற்பது கிலோ கனம் இருக்கும். ராத்திரியில் ஏறி வந்து, பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பானை மாதிரி குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மண்ணை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பிக்கூடப் பார்க்காது. 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். நாயும் நரியும் விட்டு வைக்காது என்பதால்தான் முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள்.

என் தப்பை இங்கேதான் சொல்ல வேண்டும். ஒருநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு ஒரு குழி கண்ணில் பட்டது. 118 முட்டை. காவலர் அண்ணன் வருவதற்குள், பெரிய ஆள் மாதிரி இரண்டு கையாலும் வாரிப் பைக்குள் உருட்டிப் போட்டேன். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டித்தானே அடைகாக்கிறது என்று நினைப்பு. ஆமை முட்டை அப்படியல்ல. இட்ட சில மணி நேரத்தில் கரு மேல்பக்கத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துப்போகும். ஐம்பத்திரண்டாம் நாள் அந்தக் குழியிலிருந்து வந்தது ஒன்பதே குஞ்சு. சார் திட்டவில்லை. "மிச்சத்தை நீயே தோண்டி எண்ணி நோட்டில் எழுது" என்றார். எழுதினேன். இன்றும் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும்போது என் கை நிதானமாகவே போகும்.

அடுத்தது வெப்பநிலை. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சுமார் 29 டிகிரிக்குக் கீழே ஆண் அதிகம், மேலே போகப் போகப் பெண் அதிகம். பொரிப்பகத்தின் மேலே கீற்று போடுவதா வேண்டாமா என்பது இப்போது புரிகிறதா? எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, லேபில் மார்க்குக்காகச் செய்கிற தெர்மிஸ்டர் சர்க்யூட்டை ஒன்றரை அடி மணலுக்குள் இறக்கிப் பாருங்கள். நிஜமான பிராஜெக்ட் அது.

பிறகு விளக்கு. குஞ்சுகள் வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டுக் கரையில் அது கடல். ரோட்டோரம் விளக்கு எரிந்தால் ரோடு. நீலம், பச்சை போன்ற குறைந்த அலைநீள ஒளி இவற்றை அதிகம் இழுக்கும், மஞ்சளும் சிவப்பும் அவ்வளவாக இழுக்காது. பழைய சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. இப்போது மாட்டுகிற வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கல். கரண்டு மிச்சம்தான், ஆமைக்கு நஷ்டம்.

இதையெல்லாம் விடப் பெரிய சங்கதி இழுவலை. ஆமைக்கு இருப்பது நுரையீரல், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் வலைக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு கருவி இருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், கம்பிகளுக்கு நடுவே இறால் நழுவிப் பின்னால் போகும், ஆமை முட்டிக்கொண்டு சட்டத்தின் ஓரத்து ஓட்டை வழியாக வெளியேறும். நம் படகுகளுக்குத் தக்கபடி கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று வடிவமைத்திருக்கிறது. "கூடவே மீனும் போயிடுதே தம்பி, டீசலுக்கு யாரு குடுப்பா?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சட்டத்தின் சாய்வையும் கம்பி இடைவெளியையும் மாற்றி இழப்பைக் குறைக்க முடியுமா என்பது நம் துறைக்காரன் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கணக்கு.

போன டிசம்பரில் நானும் இரண்டு எலக்ட்ரிக்கல் நண்பர்களும் வெல்டிங் ஷாப்பில் தகர வெட்டுத் துண்டுகளை வைத்து, கடல் பக்கம் வெளிச்சம் போகாதபடி மூன்று விளக்கு மூடிகள் அடித்தோம். இரண்டை மாட்டியாகிவிட்டது. மூன்றாவது இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அந்தக் கம்பத்துக்கு அனுமதி கிடைக்க வேண்டும். ஏணி பிடிக்க ஆள் வேண்டும், வருகிறவர்கள் அறைக்கு வந்து சொல்லுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்