மாதர் குழுக் கடனும் கமக்காரர் குடும்பமும்

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள குடும்பங்களுக்கு ஆண்டில் இரண்டு காலங்களிலேயே பெருந்தொகையாகப் பணம் வருகின்றது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனி மாதங்களிலும், சிறுபோக அறுவடை ஆவணி, புரட்டாதி மாதங்களிலும் நிறைவுறுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் வீட்டுச் செலவை நடத்தக் கைகொடுப்பது பெரும்பாலும் பெண்களின் சிறுதொழிலேயாகும். பாய் பின்னுதல், பெட்டி இழைத்தல், மா இடித்தல், தயிர் உறையவிடுதல், கருவாடு பதப்படுத்தல் ஆகியன இம்மாவட்டத்தில் வழிவழியாக நடைபெற்றுவரும் தொழில்கள். இவற்றிற்கு முதலாக வழங்கப்படும் குழுக் கடனைப் பற்றியும், அதனை நன்முறையில் ஆளும் வழிகளைப் பற்றியும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

கரையோர வேடர் சமூகத்துப் பெண்கள்

மூதூர்ப் பகுதியிலுள்ள பாட்டாளிபுரம், நல்லூர், இளக்கந்தை, சந்தோசபுரம் முதலிய ஊர்களிலும் வெருகல் பகுதியிலும் கரையோர வேடர் எனப்படும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். தமிழே இவர்களது தாய்மொழி. களப்பிலே மீன்பிடித்தல், சேனைப் பயிர் செய்தல், தேன் எடுத்தல், விறகு சேர்த்தல் ஆகியவற்றால் இவர்கள் வாழ்ந்து வந்தனர். 1911ஆம் ஆண்டு செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதிய நூலில் கரையோர வேடரும் இடம்பெற்றுள்ளனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006ஆம் ஆண்டு மாவிலாற்று அணைக்கதவை முன்னிட்டு மூண்ட போரினால் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த மக்கள் ஊரைவிட்டு வாகரை ஊடாக மட்டக்களப்புக்குச் சென்றனர். மீண்டு வந்தோர் வள்ளம், வலை, கால்நடை, விதை யாவற்றையும் புதிதாகத் தேடவேண்டியிருந்தது.

இத்தகைய குடும்பத்துப் பெண்ணிடம் கைத்திறன் உண்டு. காணி உறுதியோ நகையோ ஈடுவைக்க இல்லை. ஈடு இல்லாதவர்க்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். இக்குறையை நீக்கவே குழுக் கடன் என்னும் முறை தோன்றிற்று.

குழுக் கடன் என்பது யாது?

ஒருவரையொருவர் நன்கு அறிந்த ஐவரோ பத்துப்பேரோ ஒன்றுகூடி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்பதே குழுக் கடன். காணி உறுதிக்குப் பதிலாக அயலாரின் நம்பிக்கையே ஈடாகின்றது. வங்காளதேசத்தில் சிற்றகொங்கிற்கு அண்மையிலுள்ள ஜோப்ரா என்னும் ஊரில் 1976ஆம் ஆண்டு பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டொலர் பெறுமதியான தொகையைக் கடனாகக் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிற்கு இக்கருத்து புதியதன்று. 1906இல் தெல்தெனியவில் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1978 முதல் சணச இயக்கமாகப் புத்துயிர் பெற்றன. இச்சங்கங்கள் முதலில் சேமிக்கச் செய்தன. சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்தன. இவ்வரிசை முறையை மறவாதிருத்தல் வேண்டும்.

முறை பிறழ்ந்தமையால் விளைந்த கேடு

போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குப் பல கடன் கம்பனிகள் வந்தன. சேமிப்பின்றியும், தொழில் யாதென விசாரியாமலும் வீட்டு வாசலிலேயே கடன் கொடுக்கப்பட்டது. ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட மற்றொரு கம்பனியிடம் கடன் வாங்கிய பெண்கள் பலர். வாரந்தோறும் வசூலிப்போர் வீட்டுக்கு வந்தனர். அவமானம் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர்.

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இத்தகைய கம்பனிகளுட் சிலவற்றை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் 1,00,000 ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அவற்றுள் திருகோணமலையும் ஒன்று. அவ்வாண்டின் இறுதியில் நுண்நிதிக் கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்னும் உச்ச வட்டியும் விதிக்கப்பட்டது. ஆயினும் நிவாரணம் ஒருமுறை வருவது. கணக்கறிவே எக்காலத்தும் காப்பது.

கமக்காரர் கவனிக்க வேண்டியது

மனைவியின் பெயரில் எடுத்த குழுக் கடன் கணவனின் வயலுக்குச் செல்வது நம்மிடையே பரவலாகக் காணப்படும் தவறு. உழவுக் கூலிக்கும் பசளைக்கும் அப்பணம் போய்விடுகின்றது. நெல் 4 மாதங்கள் கழித்தே பணமாகும். கடன் தவணையோ மறுவாரமே தொடங்கும். அறுவடைக்குமுன் 16, 17 தவணைகளை எங்கிருந்து கட்டுவது? அதற்காகவே இரண்டாவது கடன் எடுக்கப்படுகின்றது. வெள்ளமோ வறட்சியோ வந்துவிட்டால், அல்லது 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்தைப் போல் விளைச்சல் குன்றிவிட்டால், வயலின் நட்டம் பெண்ணின் தலையில் விழுகின்றது. அவள் கட்டத் தவறினால் குழுவிலுள்ள அயல்வீட்டுப் பெண்கள் கட்டவேண்டும். ஒருவரின் வயல் பொய்த்ததனால் ஐந்து குடும்பங்களின் உறவு முறிகின்றது.

ஆகவே வயலுக்கு வேண்டிய முதலை, அறுவடையின்போது திருப்பிச் செலுத்தும் பயிர்ச்செய்கைக் கடனாகவே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பெறுக. சிறுதொழிற் கடனைச் சிறுதொழிலுக்கே விடுக.

வட்டிக் கணக்கு

இரு கடன்காரரும் "மாதம் 2 வீதம்" என்றே கூறலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. 24,000 ரூபா கடனை 12 மாதங்களில், மாதம் 2,000 ரூபா முதலாகத் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம்.

முதல் முறை: எஞ்சியுள்ள முதலுக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் 480 ரூபா, இரண்டாம் மாதம் 440 ரூபா, இவ்வாறு குறைந்து கடைசி மாதம் 40 ரூபா. மொத்த வட்டி 3,120 ரூபா.

இரண்டாம் முறை: தொடக்கத்தில் எடுத்த முழுத் தொகைக்கும் இறுதிவரை வட்டி. ஒவ்வொரு மாதமும் 480 ரூபா. மொத்த வட்டி 5,760 ரூபா.

வேறுபாடு 2,640 ரூபா. இரண்டாம் முறையில் ஆண்டுக்கு 24 வீதம் என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் 40 வீதத்திற்கும் மேற்படுகின்றது. ஏனெனில் திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்திற்கும் வட்டி கட்டப்படுகின்றது. பதிவுக் கட்டணம், காப்புறுதிக் கட்டணம் என முன்கூட்டியே கழிக்கப்படும் தொகைகள் இச்சுமையை மேலும் கூட்டும். எனவே வீதத்தை மட்டும் கேளாது, "கையில் எவ்வளவு கிடைக்கும்? மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்டுத் தாளில் எழுதிப் பெறுக.

தொழிற் கணக்கு

கடன் எடுப்பதற்குமுன் தொழிலின் மீதியை அறிதல் வேண்டும். விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் கொள்வோம். பனையோலைப் பெட்டி 20 இழைக்க ஓலைக்கும் சாயத்திற்கும் 3,000 ரூபா, பஸ் செலவு 1,000 ரூபா. வேலை 8 நாள். ஒரு பெட்டி 500 ரூபாவாக விற்றால் வரவு 10,000 ரூபா. செலவு போக மீதி 6,000 ரூபா. இது முழுவதும் இலாபமன்று. 8 நாள் உழைப்பின் கூலியும் இதற்குள்ளேயே அடங்கும். நாளொன்றுக்கு 750 ரூபாவே கிடைத்ததாகும். வெளியில் ஒருநாட் கூலி 1,000 ரூபாவாயின், பெட்டியை 600 ரூபாவுக்கு விற்றாலன்றிக் கூலி கட்டாது.

ஒரு பெட்டியின் மீதி 300 ரூபா. மேற்சொன்ன கடனின் முதல் தவணை 2,480 ரூபா. அதனைக் கட்ட மட்டும் 9 பெட்டிகள் விற்க வேண்டும். மாதம் 20 பெட்டிகளுக்குச் சந்தை உண்டா என்பதை முதலில் அறிக. பின்னரே கடனை நாடுக.

ஏற்ற தொழில்களும் சந்தையும்

மூலப்பொருள் அண்மையில் கிடைக்கும் தொழிலே சிறந்தது. பனையோலை, பன் ஆகியவற்றாலான பெட்டி, பாய் வகைகள், குரக்கன் மா, அரிசி மா, மிளகாய்த் தூள், எருமைத் தயிர், தேன், கருவாடு, பருவத்தில் விளாம்பழம், பாலைப்பழம் ஆகியன பொருத்தமானவை. காட்டிலிருந்து பெறும் பொருள்களுக்கு வனத் திணைக்களத்தின் விதிகளை அறிந்து நடத்தல் வேண்டும்.

உணவுப் பொருளைச் சுத்தமான இடத்தில் ஆக்கி, ஈரமின்றி அடைத்து, பொருளின் பெயர், நிறை, ஆக்கிய திகதி, முடிவுத் திகதி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைத் தொடக்கத்திலேயே பெறுக. தயிர் ஓரிரு நாட்களில் விற்கவேண்டியது. மாவும் தேனும் காத்திருக்கும். புதிதாகத் தொடங்குவோர் காத்திருக்கும் பொருளில் தொடங்குதல் நன்று.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் சித்திரை முதல் புரட்டாதி வரை சுற்றுலாப் பயணிகள் மிகுதி. வெருகல் சித்திரவேலாயுதர் கோவில் திருவிழாவும் திருக்கோணேச்சரத்திற்கு வரும் அடியார் கூட்டமும் நல்ல சந்தைகள். கார்த்திகை முதல் தை வரை மழை. ஓலையும் கருவாடும் காயா, பயணிகளும் குறைவர். இம்மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துத் தருமாறு கடன் எடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்க.

குழுவை அமைக்கும் முறை

1. ஒரே ஊரைச் சேர்ந்த, ஒருவர் வீட்டு நிலைமையை ஒருவர் அறிந்த பெண்கள் பத்துப்பேர் வரை சேருக. ஒரு வீட்டிலிருந்து ஒருவரே உறுப்பினராதல் நன்று.

2. முதல் 6 மாதங்களுக்குக் கடன் வேண்டாம். சேமிப்பு மட்டும் போதும். பத்துப்பேர் வாரம் 100 ரூபா சேமித்தால் ஓராண்டில் 52,000 ரூபா சேரும். மேற்சொன்ன 24,000 ரூபா கடன் இரண்டினை வெளியார் உதவியின்றியே கொடுக்கலாம். அதன் வட்டியும் குழுவிலேயே தங்கும்.

3. தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரையும் ஆண்டுதோறும் மாற்றுக. கணக்குப் புத்தகத்தைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். எழுத்தறியாத உறுப்பினரும் தம் கணக்கைக் காதால் கேட்டறிதல் அவரது உரிமை.

4. முதலில் இருவருக்குக் கடன் கொடுத்து, அவர்கள் ஒழுங்காகக் கட்டிய பின்னரே அடுத்தவர்க்குக் கொடுக்க.

5. ஒருவர் கட்டத் தவறினால் காரணத்தை ஆராய்க. நோய் எனின் தவணையைத் தள்ளிவைக்க. ஐவர் குழுவில் ஒருவர் தவறினால் 2,480 ரூபா தவணைக்கு மற்ற நால்வரும் ஆளுக்கு 620 ரூபா கட்டவேண்டிவரும் என்பதை அனைவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

6. குழு உறுதிப்பட்டபின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ இணைக.

கையொப்பமிடுமுன்

தமிழில் எழுதப்படாத பத்திரத்திலும், தொகை நிரப்பப்படாத தாளிலும் கையொப்பமிடாதீர்கள். தேசிய அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டுப் பெறுக. ஒரு கடன் தீருமுன் மற்றொரு கடனுக்குக் கைநீட்டாதீர்கள். கம்பனி மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறியலாம்.

பெண்ணின் பெயரில் கடன் இருப்பின், அப்பணம் எதற்குச் செல்கின்றது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவளுக்கே உண்டு. கமக்காரர் அவ்வுரிமையைக் காப்பாராயின், வயல் பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரியும். அடுத்த போகத்திற்கான விதைநெல்லும் விற்கப்படாது வீட்டிலிருக்கும்.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் காண்க.