பைக் வாங்கும் முன்னே

இரண்டு வகை வண்டி

மோட்டார் சைக்கிளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாலையில் ஓட்டுவதற்காகச் செய்தது. மற்றொன்று, மண்மேட்டிலும் பள்ளத்திலும் பந்தயம் ஓட்டுவதற்காகச் செய்தது. இதை டர்ட் பைக் என்கிறார்கள். டர்ட் என்றால் மண், புழுதி.

டர்ட் பைக் எடை குறைந்தது. டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கும். பல பந்தய வண்டிகளில் முன்விளக்கு இருக்காது. ஹாரன் இருக்காது. பக்கக் கண்ணாடி இருக்காது. நம்பர் பலகை மாட்ட இடமும் இருக்காது.

பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆசை வரும். ஆனால் ஆசைப்பட்ட இடத்தில் எல்லாம் இதை ஓட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா முழுவதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் மோட்டார் வாகனச் சட்டம், 1988. இந்தச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அப்போது அபராதத் தொகைகள் உயர்ந்தன.

வண்டியைப் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். நம்பர் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது.

பொது இடம் என்றால் தார்ச் சாலை மட்டும் அல்ல. பொது மக்களுக்குப் போக உரிமை உள்ள எல்லா இடமும் பொது இடம்தான். ஊர்த் தெருவும் பொது இடம். மண் பாதையும் பொது இடம். "இது மண் ரோடுதானே" என்று சொல்லித் தப்ப முடியாது.

அடைப்புக்குள் மட்டுமே ஓடுவதற்காகச் செய்த தனி வகை வண்டிக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. பந்தயத் திடலுக்கு டர்ட் பைக்கை வேனில் ஏற்றிக் கொண்டுபோவது இதனால்தான். திடலை விட்டுச் சாலைக்கு வந்தால் அந்த விலக்கு இல்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு தாய் மகனோடு கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் ஒரு டர்ட் பைக்கைக் காட்டுகிறான்.

"அம்மா, இதையே வாங்கலாம்மா."

தாய் விலைச் சீட்டை வாங்கிப் பார்க்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. "சாலையில் ஓட்டுவதற்கு அல்ல."

"ஏங்க, இந்த வண்டிக்கு நம்பர் கிடைக்குமா?"

"கிடைக்காதும்மா. இது பந்தய வண்டி. திடலில்தான் ஓட்டணும்."

"அப்போ எங்களுக்கு வேண்டாங்க. என் மகன் தினமும் வேலைக்குப் போகணும். நம்பர் கிடைக்கிற வண்டியைக் காட்டுங்க."

அந்த ஒரு வரியைப் படித்ததால் பணம் தப்பியது.

ஒரு வகை வண்டியை விற்பதற்கு முன் அதைச் சோதித்து ஒப்புதல் பெற வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையங்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. அப்படி ஒப்புதல் பெற்ற வண்டிக்குக் கடைக்காரர் இரண்டு தாள் தருவார். ஒன்று விற்பனைச் சான்று. இது படிவம் 21. மற்றொன்று, வண்டி சாலைக்கு ஏற்றது என்ற சான்று. இது படிவம் 22. இந்தத் தாள்கள் இல்லாவிட்டால் புது வண்டியைப் பதிவு செய்ய முடியாது.

மண் பாதையும் வேண்டும், சாலையும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வண்டிகள் உண்டு. ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்றவை அப்படிப்பட்டவை. இவற்றுக்கு விளக்கு, கண்ணாடி, ஹாரன் எல்லாம் உண்டு. நம்பரும் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

1. பதிவுச் சான்று. இதை ஆர்.சி. என்கிறோம். சொந்த பைக்குக்கு இது 15 ஆண்டு செல்லும்.

2. ஓட்டுநர் உரிமம். இதுதான் லைசென்ஸ். முதலில் பழகுநர் உரிமம் எடுக்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகு ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம்.

3. காப்பீடு. அடிபட்டவருக்கு இழப்பீடு தருவதற்கு இது கட்டாயம்.

4. புகைச் சான்று. புது வண்டிக்கு முதல் ஓர் ஆண்டு தேவை இல்லை. பிறகு தேவை.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும்.

தாள்களைச் செல்போனில் டிஜிலாக்கர் மூலம் காட்டினாலும் செல்லும்.

சொந்த பைக் ஓட்டும் லைசென்சுக்குப் பள்ளிப் படிப்புச் சான்று கேட்பதில்லை. லாரி, வாடகை வண்டி ஓட்ட முன்பு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். 2019-ல் அதையும் நீக்கிவிட்டார்கள். சாலைக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும். பழகுநர் தேர்வுக்குத் தைரியமாகப் போகலாம்.

பிள்ளை ஓட்டினால் யாருக்குத் தண்டனை?

கியர் உள்ள பைக் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் 16 வயது போதும்.

வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் மீதோ, வண்டிக்குச் சொந்தக்காரர் மீதோ வழக்கு வரும். 3 ஆண்டு வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து ஆகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்று வாயால் சொன்னால் போதாது. அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவருக்கு அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடம் அதைத் திரும்பக் கேட்கலாம். அப்போது வீடும் நிலமும் கடனுக்குப் போகும்.

மாநிலத்துக்கு மாநிலம்

சட்டம் ஒன்றுதான். ஆனால் சில விஷயங்களை மாநில அரசு முடிவு செய்யும்.

சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அந்த இடத்திலேயே கட்டும் அபராதமும் மாறும். ஹெல்மெட் போடாவிட்டால் மத்தியச் சட்டப்படி 1,000 ரூபாய். குஜராத் அரசு 2019-ல் இதை 500 ரூபாயாகக் குறைத்தது.

பிழைப்புக்காக வேறு மாநிலம் போகிறவர்கள் உண்டு. அங்கே வண்டி 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும்.

எங்கே ஓட்டக் கூடாது?

வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இதைச் சொல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972.

கோவாவில் கடற்கரை மணலில் வண்டி ஓட்டத் தடை உண்டு. சுற்றுலா வந்தவர்கள் மீதும் போலீஸ் வழக்குப் போடுகிறது.

மாநில அரசின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

படியுங்கள்

பதிவு – நம்பர் – உரிமம் – காப்பீடு – அபராதம் – பொது இடம்

பதில் எழுதுங்கள்

1. பொது இடம் என்றால் என்ன?

2. படிவம் 22 எதற்கு?

3. கியர் உள்ள பைக் ஓட்ட எத்தனை வயது ஆக வேண்டும்?

4. உங்கள் வீட்டு வண்டியின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது? எடுத்துப் பார்த்து எழுதுங்கள்.