வேடமும் சுங்கத் தீர்வையும்

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலே தெருக்கூத்துக் காணும் நாம், நடிகர் அணியும் உடை, முடி, பொய்முகம் யாவற்றையும் வேடமென ஒரு சொல்லால் வழங்குகிறோம். சுங்க அட்டவணையோ அவற்றைப் பிரித்தெண்ணும். 1975-ஆம் ஆண்டின் இந்தியச் சுங்கத் தீர்வைச் சட்டப்படி, அயல்நாட்டினின்று வரும் பொய்முகம் 95-ஆம் அதிகாரத்து விழாப்பொருளாம். துணிவேடத்தையோ அவ்வதிகாரத்தின் முதற்குறிப்பே விலக்குகின்றது. பின்னலாடையாயின் 61-ஆம் அதிகாரத்தும், அன்றெனின் 62-ஆம் அதிகாரத்தும் அஃது உடையாகவே சேரும்.

இவ்வட்டவணையின் சர்வதேச மூலத்தையே தழுவும் அமெரிக்காவில், 2003-இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, நெடுநாள் உழைக்காத மெல்லிய துணிவேடம் உடையன்று, விழாப்பொருளே எனத் தீர்த்தது. பெயர் மாறின் தீர்வையும் மாறும். ஆதலின் சொல்லின் எல்லையை வரையறுத்தல், இலக்கணம் பயிலும் நமக்கேயன்றித் துறைமுகத்திற் சரக்கிறக்கும் வணிகர்க்கும் இன்றியமையாததென அறிவோமாக.