பழுதான கதவுக்கு எந்த ஃபில்லர்?

ஒன்ராறியோவின் றிச்மண்ட் ஹில்லில் 1980களுக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடுகளின் உட்கதவுகள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்டவை. இருபுறமும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பில் அழுத்திய மரநார்த் தகடு, நடுவில் தேன்கூட்டு வடிவ அட்டை, ஓரங்களில் ஒடுக்கமான மரச்சட்டம். வாசற்கதவுகள் பெரும்பாலும் உருக்குத் தகட்டாலோ கண்ணாடியிழையாலோ ஆனவை, உள்ளே நுரை நிரப்பியவை. முழுமரக் கதவுகளை யங் வீதியையொட்டிய பழைய வீடுகளில் காணலாம். ஃபில்லர் வாங்கப் புறப்படுமுன் கதவை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்று ஒலி வந்தால் ஒரு வழி, திண்ணென்று ஒலித்தால் வேறு வழி. உருக்குத் தகட்டைக் காந்தம் காட்டிவிடும்.

கீறல், நாயின் நகத்தடம், தளபாடம் இடித்த சிறு பள்ளம் ஆகியவற்றுக்குத் தண்ணீரில் கரையும் மர ஃபில்லர் போதும். மணம் குறைவு, பூசும் கத்தியை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் காயும்போது சுருங்கும் என்பதால் ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பக்கூடாது. மெல்லிய படையாக இட்டு, காய்ந்தபின் அடுத்ததை இட வேண்டும். குளிர்காலம் முழுவதும் கராஜில் கிடந்து உறைந்த டப்பாவை இதற்கு நம்ப முடியாது.

உடைந்த மூலை, பெயர்ந்த ஓரம், பூட்டைச் சுற்றிய சிதைவு என்றால் இரு பொருள்களைக் கலக்கும் ஃபில்லர் தேவை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொலியெஸ்ரர், கார் பள்ளங்களை நிரப்பும் அதே இனம். கடினமாக்கியைக் கலந்த சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும், அரை மணிக்குள் தேய்க்கலாம். சுருக்கம் மிகக் குறைவு, விலையும் தாங்கக்கூடியது. மணம் கடுமையானது, ஆவி தீப்பற்றக்கூடியது. ஆகவே பலரும் வேலைக்குத் தெரிவுசெய்யும் நிலக்கீழ் அறை, எரிவாயு உலையும் வெந்நீர்க் கொதிகலனும் இருக்கும் இடமென்பதால், இதற்கு ஏற்றதல்ல. மற்றையது எபொக்சி. விலை கூடியது, இறுக மணிக்கணக்காகும். ஆனால் மரத்தை இறுகப் பற்றும். மரம் விரிந்து சுருங்கும்போது ஓரளவு ஈடுகொடுக்கும். வெயிலும் பனியும் படும் மரக்கதவின் உக்கிய அடிப்பகுதிக்கு எபொக்சிதான் சரி. அங்கே பொலியெஸ்ரரை இட்டால் சில பருவங்களில் ஓரத்தில் வெடிப்பு விழும். உக்கிய மரத்தை முழுவதும் சுரண்டி உலரவிடாமல் எதை இட்டாலும் வீண்.

உருக்குக் கதவின் பள்ளத்துக்கு மர ஃபில்லர் ஒட்டாது. பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் உலோகத்தைச் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, பொலியெஸ்ரர் இட்டு, உலோகத்துக்குரிய பிரைமர் பூச வேண்டும். கடுங்குளிரில் பொலியெஸ்ரர் சரியாக இறுகாது. மே முதல் செப்ரெம்பர் வரையான உலர்ந்த நாள்களே உகந்தவை.

உள்ளே வெற்றிடமுள்ள கதவில் விழுந்த ஓட்டைதான் அதிகம் தடுமாற வைப்பது. பின்னால் தாங்க எதுவும் இல்லாததால் ஃபில்லர் உள்ளே விழுந்துவிடும். தளர்ந்த ஓரங்களை வெட்டி நீக்கி, ஜன்னல் கதவுகளுக்கென விற்கப்படும் குறைவாக விரியும் நுரையை உட்செலுத்தி, இறுகியபின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெட்டி, அதன்மேல் பொலியெஸ்ரர் இடலாம். அதிகம் விரியும் நுரை கதவின் தோலையே புடைக்கச் செய்யும். தட்டையான கதவில் இந்த வேலை மறைந்துபோகும். அச்சிட்ட மரக்கோடுகளும் குழிவுச் சட்டங்களும் உள்ள கதவில் ஒட்டு எப்போதும் தெரியும். உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டைக்கு ஃபில்லர், நுரை, பிரைமர், பெயின்ற், ஒரு வார இறுதி என்று செலவிடுவதைவிட, பழைய பிணைச்சல் அளவுகளைப் பார்த்துப் புதிய கதவுப் பலகையை வாங்குவதே மேல். உயரம் பெரும்பாலும் 80 அங்குலம், தடிப்பு 1⅜ அங்குலம் என்பதால் ஹோம் டிப்போ போன்ற கடைகளில் எளிதில் கிடைக்கும்.

ஃபில்லர் இடைவெளியை நிரப்பும், பாரத்தைத் தாங்காது. பிணைச்சலின் திருகாணித் துளை தளர்ந்திருந்தால், பசை தடவிய மரக்குச்சியை இறுக அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிட வேண்டும். நிலைப் பக்கமானால் சுவர்ச் சட்டத்தை எட்டும் 3 அங்குலத் திருகாணியே போதும்.

முழுமரக் கதவின் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே குளிர்காலத்தில் தோன்றும் கோடு பழுதன்று. உலைக் காற்றில் வீடு வறள மரம் சுருங்குகிறது. கோடையின் ஈரலிப்பில் திரும்ப விரியும். அதை நிரப்பினால் கோடையில் ஃபில்லர் பிதுங்கும், அல்லது பலகை வெடிக்கும். எந்தக் கதவையும் தேய்க்குமுன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1990க்கு முந்திய வீடானால் பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். 1960க்கு முந்தியதில் அந்த வாய்ப்பு மிக அதிகம். சோதிக்காமல் உலர்நிலையில் தேய்க்கக்கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் நிச்சயமாக.

இரண்டு கதவுகளில் தன்னிச்சையாகக் கைவைக்கக்கூடாது. தொடர்மாடி வீட்டின் வாசற்கதவு தீத்தடுப்புச் சான்று முத்திரை கொண்டதாக இருக்கும். துளைத்தோ வெட்டியோ நிரப்பினால் அந்தச் சான்று கேள்விக்குள்ளாகும். முதலில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். மற்றது கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு. அது வாயு புகாதபடி இறுக்கமாக மூடவும் தானாகச் சாத்திக்கொள்ளவும் வேண்டும் என்கிறது ஒன்ராறியோ கட்டடச் சட்டவிதி. அது வளைந்து, நிலையோடு பொருந்தாமல் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.