லொறிச் சாரதியின் அனுமதிப்பத்திரம்: பின்பக்கத்தையும் பாருங்கள்

லொறி வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர்கள் காப்புறுதித் திகதியை மறப்பதில்லை. சாரதியின் அனுமதிப்பத்திரத்தை மட்டும் வேலைக்குச் சேர்த்த அன்று பார்த்ததோடு சரி.

இலகு வாகன அனுமதி 8 வருடங்களுக்குச் செல்லும். கனரக வாகனத்துக்கு 4 வருடங்கள்தான். ஆகவே ஒரே அட்டையில் கார் ஓட்டும் அனுமதி உயிரோடிருக்க, லொறி அனுமதி காலாவதியாகியிருக்கலாம். பின்பக்கத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் நேரே உள்ள திகதியைப் பாருங்கள்.

அனுமதியில்லாதவரை ஓட்ட வைக்கும் முதலாளியும் சட்டப்படி குற்றவாளியே. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதும் இந்த அட்டையைத்தான். தம்புள்ளையில் ஏற்றிய மரக்கறி பாதி வழியில் நின்றால் நட்டம் யாருக்கு?

புதுப்பிக்க, முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். வயதான சாரதிகள் பின்வாங்குவது இங்கேதான். கண் மங்கல், சீனி வருத்தம் தெரிந்துவிட்டால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம். அதனால் முதலாளியிடமும் மறைக்கிறார்கள். பார்வைக் குறைவுக்குப் பெரும்பாலும் மூக்குக் கண்ணாடியே போதும். அதை முன்கூட்டியே செய்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

பிறகு பழைய அட்டை, அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழ் மூன்றோடும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்துக்குப் போகலாம். தரகர் எவரும் தேவையில்லை. சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்புங்கள். தற்காலிகப் பத்திரம் தந்தால் அதன் முடிவுத் திகதியையும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.